கணப்பொழுதுத் தீர்மானமும் கரையோர நினைவும்: திருகோணமலையை முன்வைத்து ஓர் இலக்கிய நோக்கு

1

தமிழ்ப் பாட்டியல் மரபு புலவரை ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என நால்வகைப்படுத்தும். இவற்றுள் ஆசுகவி என்பது பிறர் கொடுத்த பொருளிலே, கொடுத்த யாப்பிலே, கேட்ட அப்பொழுதே பாடும் ஆற்றலைக் குறிப்பது. புலவர் சரிதங்கள் இவ்வாற்றலை அருட்கொடையாகவே விளக்கி வந்துள்ளன. காளமேகத்தின் வாயிலே தேவி தாம்பூலத்தை உமிழ்ந்தாள் என்னும் கதை இவ்விளக்கத்தின் உச்சம் எனலாம். நேரம் நெருக்கும்பொழுது மனிதன் சரியானதைச் செய்துவிட்டால் அதனைத் தனிமனித மேதைமைக்கோ தெய்வச் செயலுக்கோ உரியதாக்கிவிடும் மனப்பாங்கு இக்கதையிலே தெளிவாகப் புலப்படுகின்றது.

வாய்மொழிப் பாட்டு பற்றிய ஆய்வுகள் இம்மனப்பாங்கை அடியோடு அசைத்தன. யூகோஸ்லாவியப் பாடகர்களிடையே மில்மன் பரியும் அல்பேட் லோடும் நடத்திய கள ஆய்வும், அதன் பேறாக 1960இல் வெளிவந்த லோடின் நூலும், அவையோர் முன்னிலையில் விரைந்து பாடுபவன் ஒவ்வோர் அடியையும் புதிதாகச் சிந்தித்துப் பாடுவதில்லை என்பதைக் காட்டின. தலைமுறை தலைமுறையாகத் திரண்ட வாய்பாடுகளும் பொருட்கூறுகளும் அவன் நாவிலே ஆயத்தமாக இருந்தன. இவ்வாய்வு முறையைச் சங்கப் பாடல்களுக்குப் பொருத்திக் காட்டியவர் பேராசிரியர் க. கைலாசபதி. தமிழ் வீரயுகப் பாடல்கள் பற்றி 1968இல் அவர் வெளியிட்ட ஆங்கில நூல், பாணனின் விரைவுக்குப் பின்னே ஒரு சமுதாயத்தின் நீண்ட கூட்டுழைப்பு நின்றதை நிறுவ முனைந்தது.

பிற துறைகளிலும் இதனையொத்த முடிபுகள் எட்டப்பட்டுள்ளன. 1978இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற ஹெர்பர்ட் சைமன், மனிதன் எல்லா வழிகளையும் எடைபோட்டுச் சிறந்ததைத் தேர்வதில்லை என்றும், போதுமானது எனக் கண்டவிடத்து நின்றுவிடுகிறான் என்றும் விளக்கினார். 1980களில் அமெரிக்கத் தீயணைப்பு அணித்தலைவர்களை ஆராய்ந்த கேரி கிளைன், அவர்கள் எரியும் வீட்டின் முன் நின்று வழிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை எனக் கண்டார். முன்னர்க் கண்ட நூற்றுக்கணக்கான தீக்களின் சாயலை இத்தீயிலே இனங்கண்டு அவர்கள் உடனே செயற்படுகின்றனர். பாணனின் வாய்பாடும் தீயணைப்பாளரின் அனுபவமும் தொழிற்படும் முறை ஒன்றேயாகும்.

ஆகவே, கணப்பொழுதில் எடுக்கப்படும் நல்ல தீர்மானம் என்பது முன்னரே நிதானமாக எடுக்கப்பட்டுச் சேமித்து வைக்கப்பட்ட தீர்மானமே. இக்கருத்தை ஏற்றுக்கொண்டால் மூன்று வினாக்கள் எழுகின்றன. அச்சேமிப்பு யாருடைய உடைமை? யாருக்கு அது மறுக்கப்பட்டது? சேமக்கலங்களுள் ஒன்றாகிய இலக்கியம் யாருக்காக எதைக் காத்து வந்துள்ளது? வேகமாக முடிவெடுத்தலைத் தனிமனிதத் திறமையாக விற்பனை செய்யும் முகாமைத்துவ நூல்கள் மலிந்துள்ள இக்காலத்திலே இவ்வினாக்களை எழுப்ப வேண்டிய கடப்பாடு இலக்கிய ஆய்வாளருக்கு உண்டு. திருகோணமலைத் துறைமுகப் பகுதியின் வரலாறு இவற்றுக்கு விடைகாண நல்லதோர் உரைகல்லாக அமைகின்றது.

2

காலமும் செயலும் பற்றித் தமிழிலே மிக ஒழுங்காகச் சிந்தித்த நூல் திருக்குறள். தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் ஆகிய நான்கு அதிகாரங்களும் 47 முதல் 50 வரை அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பது தற்செயலன்று. எண்ணிப் பார்த்தல், வலிமையை அளத்தல், காலத்தை அறிதல், இடத்தைத் தேர்தல் என்னும் இவ்வரிசை ஒரு செயல் உருவாகும் படிமுறையாகும். வினைசெயல்வகை அதிகாரமோ, ஆராய்ச்சியின் எல்லை துணிவு என்றும், துணிந்தபின் தாழ்த்தல் தீது என்றும், ஆறியிருந்து செய்யத்தக்கதையும் ஆறியிராது செய்யத்தக்கதையும் வேறுபிரித்தறிக என்றும் கூறுகின்றது. தேர் கடலில் ஓடாது, கப்பல் நிலத்தில் ஓடாது என்னும் கருத்தமைந்த குறளைத் துறைமுக மாந்தர் எவரும் தம் வாழ்விலிருந்தே விளங்கிக்கொள்வர்.

ஆயினும், இவ்வதிகாரங்கள் பொருட்பாலிலே அரசனையும் அமைச்சனையும் முன்னிலைப்படுத்தி அமைந்தவை என்பதை மறத்தலாகாது. எண்ணுபவன் அரசன், காலம் பார்ப்பவன் அரசன், துணிபவனும் அரசன். காலாளோ தேர்ப்பாகனோ மரக்கலம் செலுத்துவோனோ தானாகத் தீர்மானிக்க வேண்டிய கணம் ஒன்று உண்டென்பது அங்கே பொருளாகவில்லை. இது வள்ளுவரின் தனிப்பட்ட குறையன்று. அரசு நிலைபெற்றுவிட்ட சமுதாயத்திலே தீர்மானிக்கும் உரிமை மேலே குவிந்திருந்தமையின் கருத்துநிலைப் பிரதிபலிப்பே அது.

அவ்வுரிமை மேலே குவிந்திருக்கும்போது நேர்வது யாதென்பதற்குச் சிலப்பதிகாரம் சான்று தருகின்றது. கோப்பெருந்தேவியின் ஊடலைத் தணிக்க விரைந்த பாண்டியனைப் பொற்கொல்லன் வழியிலே எதிர்ப்படுகிறான். மன்னன் விசாரணையின்றி ஆணையிடுகிறான். அனுப்பப்பட்ட காவலர் கோவலனைக் கண்டு ஐயுறுகின்றனர். இவன் கள்வனாகத் தோன்றவில்லை என்கின்றனர். பொற்கொல்லனோ கள்வரின் தந்திரங்களை விரித்துரைத்து, தாமதித்தால் தப்பிவிடுவான் என்னும் அச்சத்தை அவர்களிடையே விளைவிக்கிறான். ஈற்றில், காவலருள் அறிவற்ற களிமகன் ஒருவனின் வாள் அவர்களின் ஐயத்துக்கு முடிவு கட்டுகின்றது.

இப்பகுதியை ஊழ்வினையின் வெளிப்பாடாகவே பலரும் விளக்கியுள்ளனர். காலம் என்னும் நோக்கிலே பார்க்கும்போது வேறோர் உண்மை புலனாகும். சிலம்பினுள் இருப்பது முத்தா மாணிக்கமா என்பதே வழக்கின் முடிச்சு. அதனை அறியச் சிலம்பை உடைத்துப் பார்த்தாற் போதும். கண்ணகி அரசவையிலே செய்ததும் அதனையே. உண்மையைச் சோதிப்பதற்கு வேண்டியிருந்த நேரம் கொலை செய்வதற்கு வேண்டியிருந்த நேரத்தினும் குறைவு. ஆகவே மதுரையிலே நேர நெருக்கடி என ஒன்று இருக்கவேயில்லை. தன் களவை மறைக்க விரும்பிய ஒருவன் அதனை உண்டாக்கினான். ஐயுற்ற காவலரிடம் அறிவு இருந்தது; ஆணையை நிறுத்திவைக்கும் உரிமை அவர்களிடம் இல்லை. அவசரம் என்ற குரல் எழும்போதெல்லாம், அவ்வவசரத்தினால் நன்மை பெறுவோர் யார் என்று கேட்க வேண்டும் என்பதே இக்காதையிலிருந்து நாம் பெறத்தக்க திறனாய்வுப் பாடம்.

3

இனித் துறைமுகத்துக்கு வருவோம். 1942 ஏப்பிரல் மாதத்திலே யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் இலங்கைக் கடலினுள் நுழைந்தன. அம்மாத முதல் நாளளவில் தாக்குதல் நிகழலாம் என்ற உளவுத் தகவல் பிரித்தானியருக்கு முன்னரே கிடைத்திருந்தது. கீழைக் கடற்படைத் தளபதி சோமவில் சில நாட்கள் கடலிலே காத்திருந்து, எதிரி வராமையால் தகவல் பிழையெனக் கொண்டு, நீரும் எரிபொருளும் பெற மாலைதீவின் அட்டுத் தீவுக்குச் சென்றார். ஏப்பிரல் 4இல் லெனாட் பர்ச்சல் என்னும் கனடிய விமானி தெற்கே எதிரிக் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பினார். அவரது விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டது.

ஏப்பிரல் 8இல் எதிரிக் கடற்படை மீண்டும் காணப்பட்டது. அன்றிரவே திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து கப்பல்களை வெளியேற்றும் தீர்மானம் எடுக்கப்பட்டது. 9ஆந் திகதி காலையில் ராடார் முன்கூட்டியே எச்சரிக்க, சீனன்குடாவிலிருந்து போர்விமானங்கள் எழுந்தன. துறைமுகமும் விமானத்தளமும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. சீனன்குடா எண்ணெய்த் தாங்கியொன்று நாட்கணக்கில் எரிந்தது. வெளியேறித் தெற்கே சென்றிருந்த ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் அன்றே மட்டக்களப்புக் கடலிலே மூழ்கடிக்கப்பட்டது. அதன் தளத்திலே அப்போது போர்விமானம் எதுவும் இருக்கவில்லை. முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இந்நிகழ்வுத் தொடரைத் தளபதிகளின் மதிநுட்பம், மதியீனம் என்னும் அளவுகோலால் அளப்பது போர்வரலாறுகளின் வழக்கம். நமது நோக்கிலே முதன்மை பெறுவது வேறொன்று. பேரரசு தன் கப்பல்களுக்காக நேரத்தை உற்பத்தி செய்து வைத்திருந்தது. பறக்கும் படகுகளும் ராடார் நிலையமும் உளவுத்துறையும் நேரத்தை ஆக்கித் தரும் கருவிகளே. இவற்றால் கிடைத்த ஓர் இரவும் சில நிமிடங்களும் கடற்படையின் சொத்தாயின. ஹேர்மிஸின் அழிவு காட்டுவது போல, எச்சரிக்கை மட்டும் போதாது. எச்சரிக்கையின்பின் செய்யத்தக்கதைச் செய்வதற்கான வளமும் கையில் இருத்தல் வேண்டும். நேரம் என்பது எல்லோருக்கும் சமமாகப் பொழியும் மழையன்று. அது உழைப்பால் ஆக்கப்படுவது. ஆக்கப்பட்ட பிற பொருள்களைப் போலவே வர்க்க அடிப்படையிலே பங்கிடப்படுவது.

அதே கரையில் வாழ்ந்த கடற்றொழிலாளரும் தமக்கென அறிவுச் சேமிப்பொன்றை வைத்திருந்தனர். வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்று காற்றுக்குப் பெயரிட்டதே ஒரு தீர்மான முறையாகும். காற்றின் பெயரைச் சொன்னதும் கடலுக்குப் போவதா தோணியைக் கரையேற்றுவதா என்பது பாதி முடிவாகிவிடுகின்றது. கரைவலைத் தொழிலிலே அனுபவமிக்க ஒருவர் நீரின் நிறமாற்றத்தைக் கண்டு வலைவிடும் தருணத்தைச் சொல்வார். வலையை இழுக்கும் பலரின் கைகளை ஒரே வேகத்தில் இயக்குவது அம்பாப் பாட்டு. எப்பொழுது இழுப்பது, எப்பொழுது தளர்த்துவது என்று எவரும் கட்டளையிட வேண்டியதில்லை. பாட்டின் சந்தமே கட்டளையாகின்றது. இலக்கியமும் செயலும் பிரியாதிருந்த நிலைக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு நமக்கு வேண்டியதில்லை.

எனினும் இவ்வறிவு முழு உரிமையாக வளரவில்லை. மூதூரைச் சேர்ந்த வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி' என்னும் சிறுகதை, தனக்கென ஒரு தோணி இல்லாத கடற்கரை இளைஞனின் ஏக்கத்தைப் பொருளாகக் கொண்டது. ஈழத்துச் சிறுகதை வரலாற்றில் அக்கதை பெறும் முக்கியத்துவத்துக்கு அதன் மண்வாசனை மட்டும் காரணமன்று. தோணி யாருடையதோ தீர்மானமும் அவருடையதே என்னும் உற்பத்தி உறவை அது தொட்டுவிடுகின்றது. காற்று மாறுவதை உணர்ந்தும், சம்மாட்டியிடம் பட்ட கடனுக்காகக் கடலுக்குச் செல்ல வேண்டியவனுக்குக் காலமறிதல் என்ன பயனைத் தரும்?

4

2004 டிசெம்பர் 26 காலை, இலங்கை நேரப்படி ஏழு மணிக்குச் சற்று முன்னர், சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலநடுக்கம் ஏற்பட்டது. பேரலைகள் கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ ஒன்றரை மணிநேரம் அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலாகச் சென்றது. ஹவாயிலிருந்த பசிபிக் எச்சரிக்கை நிலையம் நிலநடுக்கம் நிகழ்ந்து கால்மணி நேரமளவில் தன் முதல் அறிக்கையை வெளியிட்டிருந்தது. ஆனால் இந்துசமுத்திரத்துக்கென எச்சரிக்கை அமைப்பு இருக்கவில்லை. ஹவாயில் அறியப்பட்டது கிண்ணியாவுக்கோ மூதூருக்கோ திருக்கடலூருக்கோ வந்துசேரும் வழி எதுவும் அமைக்கப்பட்டிருக்கவில்லை. இலங்கை முழுவதிலும் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரும், திருகோணமலை மாவட்டத்திலே மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டோரும் உயிரிழந்தனர். அலைகளுக்கிடையே கடல் பின்வாங்கியபோது அதனை வேடிக்கை பார்க்கச் சென்றவர்கள் மாண்டமை இலங்கைக் கரையின் பல இடங்களிலிருந்தும் பதிவாகியுள்ளது. இயற்கை மக்களுக்கு ஒன்றரை மணிநேரத்தைத் தந்தது. சமுதாய அமைப்பு அதனைச் சில நொடிகளாகச் சுருக்கிவிட்டது.

அதே நாளில் நிலநடுக்க மையத்துக்கு மிக அண்மையிலிருந்த சிமெலுவே என்னும் இந்தோனேசியத் தீவுக்குக் கிடைத்த நேரம் ஏறக்குறையப் பத்து நிமிடமே. எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த அத்தீவிலே இறந்தோர் ஏழு பேர் எனப் பதிவாகியுள்ளது. அங்கே கருவிகள் இருக்கவில்லை. ஒரு சொல் இருந்தது. 1907இல் அத்தீவைத் தாக்கிய பேரலையை அம்மக்கள் 'ஸ்மோங்' என்று பெயரிட்டு, கதையாகவும் தாலாட்டாகவும் பாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். நிலம் வலிதாக அதிர்ந்து கடல் வற்றினால் மேட்டுக்கு ஓடு என்பதே அதன் சாரம். 2004இல் அச்சொல் உரத்துச் சொல்லப்பட்டதும் மக்கள் ஓடினர். யாரும் யாருடைய ஆணைக்கும் காத்திருக்கவில்லை. தொண்ணூற்றேழு ஆண்டுகளுக்கு முன்னர் எடுக்கப்பட்ட தீர்மானம் அன்று காலை நிறைவேற்றப்பட்டது.

தமிழருக்கோ கடல்கோள் நினைவு இல்லாமலில்லை. இறையனார் களவியலுரை சங்கங்களைக் கடல் கொண்ட கதையைக் கூறுகின்றது. சிலப்பதிகார உரையிலே அடியார்க்கு நல்லார் கடல் விழுங்கிய நாடுகளைப் பெயர் சுட்டி எண்ணுகிறார். இந்திர விழாவை மறந்தமையால் புகார் கடலுக்கு இரையானதாக மணிமேகலை கூறுகின்றது. ஆனால் இந்நூல்களில் கடல்கோள் அரச மரபின் தொன்மைக்குச் சான்றாகவும் தெய்வ சாபத்தின் விளைவாகவுமே அமைகின்றது. பிற்காலத்திலே குமரிக்கண்டக் கருத்தாகப் பெருகி இனப்பெருமிதத்துக்குத் தீனியாயிற்று. இழந்த நாட்டின் பரப்பைக் காவதக் கணக்கிலே காத்த மரபு, கடல் வற்றினால் எத்திசையில் ஓடுவது என்பதைக் காக்கவில்லை. திருகோணமலைக்கே உரிய கோணேசர் கல்வெட்டும் கோயிலின் தொழும்புகளையும் உரிமைகளையும் நுணுக்கமாக வகுத்துரைக்கின்றது. கோயிலைச் சூழ்ந்த கடலிலே தொழில் செய்வோரின் ஆபத்து அதன் அக்கறையன்று. எழுத்தறிவு யாருடைய கையில் இருந்ததோ அவருடைய தேவைகளே ஏட்டில் ஏறின.

5

இவ்வாதத்துக்கு இரு மறுப்புக்கள் எழலாம். இலக்கியத்தைச் செயல்முறைக் கையேடாகக் குறுக்குவது அதன் அழகியலை மறுப்பதாகும் என்பது ஒன்று. சிமெலுவேயின் பாட்டு தலைமுறைகளைக் கடந்து நின்றது அது பாட்டாக இருந்தமையாலேயே. அறிவித்தற் பலகையாக இருந்திருப்பின் என்றோ மறைந்திருக்கும். சந்தமும் உருவகமும் தாலாட்டின் நெருக்கமுமே அறிவை உடலிலே பதிய வைத்தன. அம்பாப் பாட்டுக்கும் இது பொருந்தும். அழகியலையும் பயன்பாட்டையும் எதிரெதிராக நிறுத்துவது, உழைப்பிலிருந்து விலகிநின்று சுவைத்த கூட்டத்தாரின் பார்வையே.

மற்றைய மறுப்பு வலிமையுடையது. சிமெலுவே மக்கள் நிலநடுக்கத்தைத் தம் காலடியிலேயே உணர்ந்தனர். மேட்டு நிலமும் அவர்களுக்கு அண்மையில் இருந்தது. நமது கரையிலே அத்தகைய வலிய அதிர்ச்சி இல்லை. திருகோணமலை நகரத்தவருக்கு உவர்மலை உண்டு. கிண்ணியாவிலும் மூதூரிலும் நிலம் தாழ்ந்தது. ஆகவே பாட்டு ஒன்றே காப்பாற்றும் என்று கூறுவது கற்பனாவாதமாகும். அறிவியற் கருவிகளும் பொதுநல அரசும் இன்றியமையாதன. 2005இன் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டமும், 2011 முதல் இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகள் பொறுப்பேற்ற இந்துசமுத்திர எச்சரிக்கை ஏற்பாடும் இவ்வகையில் முன்னேற்றங்களே. 2012 ஏப்பிரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெரிய நிலநடுக்கம் நேர்ந்தபோது எச்சரிக்கை கரைக்கு வந்தது. மக்கள் மேட்டுநிலம் நோக்கி வெளியேறினர். அன்று பேரலை எழவில்லை. அதனை வீண் அலைச்சல் என்று எள்ளுவோர், ஒத்திகையின்றி எந்தப் பாடகனும் அவையேறியதில்லை என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று.

எனினும் கருவி தரும் செய்தியைச் செயலாக மாற்றுவது மக்களின் உள்ளத்திலே முன்னரே குடிகொண்ட அறிவுதான். எச்சரிக்கை ஒலி கேட்டதும் அரைமணி நேரம் விவாதிக்கும் கரைக்கும், கேட்டதும் முதியோரையும் பிள்ளைகளையும் யார் யார் தூக்குவது என்பதை முன்னமே முடிவு செய்திருக்கும் கரைக்கும் உள்ள வேறுபாடு உயிர்களின் எண்ணிக்கையிலே தெரியும். விரைவாகத் தீர்மானிக்கக் கற்றுக்கொள் எனத் தனிமனிதனுக்கு உபதேசிப்பது எளிது. தகவலும் தோணியும் மேட்டுநிலப் பாதையும் அவனுக்கு மறுக்கப்பட்டிருக்கையில் அவ்வுபதேசம், சமுதாயத்தின் குற்றத்தை இறந்தவன் தலையிலே சுமத்துவதாகும்.

தமிழாய்வு செய்வோருக்கு இங்கே உடனடிப் பணியொன்று உண்டு. 2004இன் பின் ஈழத்திலே கடல்கோள் பற்றி எழுந்த படைப்புக்களுட் பல, இரங்கலாகவும் கடல் மீதான வசையாகவும் நின்றுவிட்டன. இரங்கல் தேவையே, ஆயின் அது சேமிப்பாகாது. திருக்கடலூரிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் நிலாவெளியிலும் உயிர்தப்பியோர் இன்னும் வாழ்கின்றனர். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவருமாகிய அவர்கள் அன்று கண்ட அறிகுறிகள், ஓடிய பாதைகள், தவறிய கணங்கள் ஆகியன அவர்களின் சொற்களிலேயே திரட்டப்படல் வேண்டும். அழிந்துவரும் அம்பாப் பாட்டுக்களும் அவற்றோடு சேர்த்துப் பதிவு செய்யப்படல் வேண்டும். அவை பாடநூலிலும் கூத்திலும் சிறுவர் பாட்டிலும் மீண்டும் கரைக்கே திரும்பிச் சேர வேண்டும். 2004இல் பிள்ளைகளாக இருந்தோர் இன்று பெற்றோராகிவிட்டனர். அவர்களின் பிள்ளைகளுக்கு அன்றைய காலை ஏற்கெனவே கேள்விச் செய்தியாகிவிட்டது. நிதானமாகச் சிந்திப்பதற்கு நமக்குக் கிடைத்திருக்கும் காலம் இரு பேரலைகளுக்கு இடைப்பட்ட இக்காலமே.